மோசமில்லை என்றான் மாலக்கி

வாட்டர்ஃபோர்டு என்கிற துறைமுக ஊரில் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு திட்டிக்கொள்கிறார்களோ அவ்வளவு நெருக்கம் என்று கணக்கு. "வாங்க, போங்க" என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டால் உறவு முறிந்துபோயிற்று, அடுத்தது வக்கீல்தான் என்று அர்த்தம். பாராட்டுகிற விஷயத்திலும் அதே கஞ்சத்தனம். மகள் டாக்டருக்குப் படித்துத் தேறினாலும் "மோசமில்ல" என்பார்கள். லாட்டரியில் வீடு விழுந்தாலும் "மோசமில்ல"தான். அதற்கு மேலே ஒரு சொல் அந்த ஊர் வாயில் கிடையாது. எவனாவது "ஆகா, ஓகோ" என்று ஆரம்பித்தால் கேலி பண்ணுகிறான் என்று பொருள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் சண்டை பார்க்கத் தயாராகிவிடுவார்கள்.

இது தெரியாத ஒரு பெண்ணால்தான் மாலக்கி ஃபீலனின் நிம்மதியில் மண் விழுந்தது.

மாலக்கிக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. மைக்கேல் தெருவை ஒட்டி ஒரு பெயிண்ட் கடையில் வேலை. வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை இருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லும் உத்தியோகம். தினமும் காலையில் வேலைக்கு முன்னால் பாலிப்ரிக்கன் மேட்டில் ஏறி, கன்செப்டா பவரின் டீக்கடையில் ஒரு டீயும் ஒரு ப்ளாவும் சாப்பிடுவான். ப்ளா என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரொட்டி. மேலெல்லாம் மாவு. கறுப்புக் கோட்டோடு தின்றுவிட்டு வெளியே வந்தால் என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. காலையில் சுட்டது காலையிலேயே தீர்ந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் போய் ப்ளா கேட்கிறவன் வெளியூர்க்காரன்.

பவர் என்பது அவள் புகுந்த வீட்டுப் பெயர். அந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு பவர் தலையில்தான் விழும். ஆனால் மற்ற பவர்களுக்கெல்லாம் அது வெறும் பெயர், கன்செப்டாவுக்குத்தான் பொருத்தமான பெயர். புருஷன் போனபின் கடையைத் தனியாளாக நடத்துகிறாள். அவள் குரல் கேட்டால் தெருமுனையில் நிற்கிற நாய் எழுந்து உட்காரும்.

"வந்துட்டாரு துரை. கதவைச் சாத்துய்யா, உன் பின்னாடியே மழையும் உள்ள வருது."

"டீ இருக்கா?"

"டீக்கடையில வந்து டீ இருக்கான்னு கேக்குற ஒரே ஆளு நீதான். உட்காரு. அந்த மூஞ்சியைக் கொஞ்சம் சுவத்துப் பக்கமா திருப்பி வையி, பாலு திரிஞ்சிடப் போகுது."

இதைக் கேட்டால்தான் மாலக்கிக்குப் பொழுது விடியும். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காகப் பிடித்திருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் மேடு ஏறுவான். கல்லாவுக்கு முன்னால் நின்று வாயைத் திறப்பான். "இன்னொரு டீ" என்று வரும். அவன் குடித்த டீயில் பாதி தாகத்துக்குக் குடித்தது அல்ல.

பக்கத்து மேஜையில் எப்போதும் டின்னி கெர்வன் இருப்பான். கடற்கரையில் இருக்கிற ட்ராமோர் ஊருக்கு பஸ் ஓட்டுகிறவன். அவன் வாயில் ஒரு சங்கதி விழுந்தால் அன்று சாயங்காலத்துக்குள் கடற்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் மேடிசன் வந்து சேர்ந்தாள். அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் பிறந்த பெண். கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா இந்தத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார் என்று தேடிக்கொண்டு வந்தவள், அவரைக் கண்டுபிடிக்காமலேயே நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சாப்பிட, பொருள் வாங்க, வெளியே போக, உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று வாரம் ஒரு ஊர்க்காரரைக் கேட்டுப் போடுகிற பக்கம் அவள் பொறுப்பு. அந்த வாரம் பேசுவதாக இருந்த கவுன்சிலருக்குப் பல்வலி. மேடிசன் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் வாங்க வந்த இடத்தில் மாலக்கியைப் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடறதுக்கு உங்களுக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்ச இடம் எது சார்?"

"கன்செப்டா பவர் கடை."

"வாவ்! சாப்பாடு எப்படி இருக்கும்?"

மாலக்கி சுற்றுமுற்றும் பார்த்தான். மனசில் இருப்பதை ஊரறியச் சொல்ல இதைவிட்டால் வேறு வழி கிடைக்காது என்று தோன்றியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "மோசமில்ல" என்றான்.

மேடிசன் பேனாவைத் தூக்கியபடி மிச்சத்துக்குக் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை.

"ப்ளா எப்படி?"

"திங்கலாம்."

"அந்தக் கடைக்காரம்மா? அவங்க எப்படிப்பட்டவங்க?"

மாலக்கிக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அவளும் மோசமில்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு பச்சையாகப் பேசிவிட்டோமே என்று அவனுக்குப் படபடவென்று வந்தது. மேடிசனோ, பாவம் மனுஷன், அங்கே போய்த்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, ஷாப்பிங் எங்க பண்ணுவீங்க?"

"இங்கதான். வேலை பாக்குறவங்களுக்குப் பெயிண்டு கொறச்ச விலைக்குக் குடுப்பாங்க."

"சாயங்காலம்? வெளியில போறதுன்னா?"

இங்கேதான் மாலக்கி சறுக்கினான். சாயங்காலம் அவன் எங்கேயும் போவதில்லை. பப்பிலும் உட்கார மாட்டான். குடிக்க மாட்டேன் என்று சின்ன வயதில் சர்ச்சில் சத்தியம் செய்தவன், இன்றுவரை காப்பாற்றுகிறான். வீட்டுக்குப் போவான், முட்டை பொரிப்பான், டிவியில் நாளைக்கு மழை வருமா என்று பார்ப்பான். வரும். படுத்துவிடுவான். பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

"ட்ராமோர்" என்றான். "அங்க ஒரு ஹால் இருக்கு. டான்ஸ் ஆடுவேன்."

"ஓ மை காட்! என்ன டான்ஸ்?"

"எல்லாம்தான்."

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. மேடிசன் கெட்ட பெண் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தினமும் வருகிற வாடிக்கையாளர், கேட்டால் "மோசமில்லை" என்கிறார். இதை அப்படியே அச்சில் போட்டால் அந்த விதவை அம்மா மனசு என்ன பாடுபடும் என்று நினைத்தாள். கொஞ்சம் சர்க்கரை சேர்த்தாள். அவள் ஊரில் சர்க்கரை கொஞ்சம் தாராளம்.

"சொர்க்கத்தின் வாசல் பாலிப்ரிக்கனில்!" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே மாலக்கி கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். "கன்செப்டாவின் ப்ளா தேவதைகள் பிசைந்த மாவு! அவருடைய டீயைக் குடித்தால் உயிர் புதிதாகப் பிறக்கும்! அந்தப் புன்னகை ஒன்றே போதும், கன்செப்டா இந்த நகரத்தின் மகாராணி!" எல்லாம் மாலக்கி சொன்னதாக, மேற்கோள் குறி சுத்தமாகப் போட்டு வந்திருந்தது. கடைசியில், மாலை நேரங்களில் இவரை ட்ராமோர் நடன அரங்கில் பார்க்கலாம் என்று ஒரு வரி.

மாலக்கி அதைப் படிக்கும் முன்பே டின்னி பெயிண்ட் கடைக்குள் ஓடிவந்தான். பஸ்ஸை வெளியில் உறுமவிட்டு வந்திருந்தான். உள்ளே உட்கார்ந்திருந்த பயணிகளும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"டேய் பாவி! அந்தப் பொம்பள உனக்கு என்னடா துரோகம் பண்ணுச்சு? இப்படி வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கியே!"

"என்ன வாங்கினேன்?"

"மகாராணியாம்! தேவதை பிசைஞ்ச மாவாம்! எங்க அத்தை படிச்சுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. ஒரு விதவையை இப்படியா நடுத்தெருவுல வெச்சுக் கேலி பண்ணுவான் மனுஷன்னு கேக்குறாங்க. டீயில ஈ கீ கிடந்துச்சா?"

மாலக்கி பத்திரிகையை வாங்கிப் படித்தான். படித்த பிறகு ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டான்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு மேட்டில் ஓடினான். மூச்சு வாங்கக் கதவைத் தள்ளினான். திறந்த கதவைச் சாத்தக்கூட இல்லை. மழை உள்ளே அடித்தது. கன்செப்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க, மிஸ்டர் ஃபீலன்."

மூலையில் ஒரு பெரியவர் வாயில் வைத்த ப்ளாவைக் கடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"கன்செப்டா, நான் வந்து..."

"இப்படி ஜன்னலோரமா உட்காருங்க. டீ கொண்டு வரட்டுங்களா?"

டீ வந்தது. அதற்கு அடியில் சாசர். சாசருக்கு அடியில் ஒரு காகிதப் பூ விரிப்பு. "சர்க்கரை போதுங்களா?" என்று வேறு கேட்டாள். அவள் அந்தக் கெட்டிலைத் தூக்கி அவன் தலையில் ஊற்றியிருந்தால்கூட மனுஷனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது நான் சொன்னதில்ல கன்செப்டா. அந்தப் பொண்ணு தானா எழுதினது."

"பரவால்லீங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

மறுநாளும் போனான். மறுநாளும் "வாங்க"தான். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தான். "என்ன டீ இது, பாத்திரம் கழுவின தண்ணியாட்டம்" என்றான். பழைய கன்செப்டாவாக இருந்தால் அதற்கு ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்திருப்பாள். இந்தக் கன்செப்டா, "மன்னிக்கணும் சார்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போய் வேறு போட்டுக் கொண்டுவந்தாள். அது நல்ல டீயாகவும் இருந்து தொலைத்தது.

"போச்சுடா" என்றான் டின்னி, குரலைத் தாழ்த்தி. "உன்னைப் புதைச்சாச்சு. மேல பூ வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

அதற்கப்புறம் மாலக்கிக்கு மேடு ஏறக் கால் வரவில்லை. ஆப்பிள் மார்க்கெட் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு காபிக் கடைக்குப் போய்ப் பார்த்தான். ப்ளாவை ஒரு மரப்பலகையில் வைத்து, அதன் தலையில் ஒரு இலையைச் செருகிக் கொடுத்தார்கள். காதில் வளையம் போட்ட பையன், "என்ஜாய் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். யாரும் திட்டவில்லை. மாலக்கி அந்த இலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பாதி தின்றான், பாதியை வைத்துவிட்டு எழுந்தான். காலை நேரம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. இப்படியே மிச்ச ஆயுசும் போய்விடும் என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது.

அந்தப் பயம்தான் அவனைப் பத்திரிகை ஆபீசுக்குத் தள்ளியது. மேடிசன் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள்.

"சார்! எப்படி இருந்துச்சு? அவங்க சந்தோஷப்பட்டாங்களா?"

"ஏம்மா, உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்? வா என்கூட. வந்து நான் என்ன சொன்னேன்னு அவகிட்ட உன் வாயால சொல்லு."

"ஐயோ சார், வேணாம். உண்மையைச் சொன்னா அவங்க மனசு உடைஞ்சிடும்."

"உடையட்டும்மா. நீ வந்து சொல்லு."

இருவரும் மேடு ஏறினார்கள். கடை நிறைய ஆள். டின்னி இருந்தான். மாலக்கி ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"வாங்க, மிஸ்டர் ஃபீலன்" என்றாள் கன்செப்டா. "உங்க தோழியும் வந்திருக்காங்க. ரொம்ப சந்தோஷம்."

"மேடம்" என்று மேடிசன் ஆரம்பித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "என்னை மன்னிச்சிடுங்க. தப்பெல்லாம் என்னோடது. பத்திரிகையில வந்தது எதையுமே இவர் சொல்லல. உங்க சாப்பாடு எப்படின்னு நான் கேட்டேன். அதுக்கு இவர்... எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு மேடம்."

"சொல்லும்மா."

"'மோசமில்ல'ன்னு சொன்னார்."

யாரோ ஒருவர் கரண்டியைக் கீழே போட்டார். கன்செப்டாவின் கையில் இருந்த துணி கல்லா மேலேயே நின்றுவிட்டது.

"அச்சுல போடறதுக்கா? அப்படியேவா சொன்னான்?"

"ஆமா மேடம். சாரி மேடம். அவர் மேல கோவப்படாதீங்க."

"வேற என்ன சொன்னான்?"

"ப்ளா... திங்கலாம்னு சொன்னார்."

"அடக் கடவுளே" என்றார் மூலைப் பெரியவர்.

"அப்புறம்?" கன்செப்டாவின் குரல் இறங்கியிருந்தது. "என்னைப் பத்தி ஏதாவது கேட்டியாம்மா?"

மேடிசன் மாலக்கியைப் பரிதாபமாகப் பார்த்தாள். மாலக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதிலிருந்து கழுத்து வரை சிவந்திருந்தது. "கேட்டேன் மேடம். 'அவளும் மோசமில்ல'ன்னு சொன்னார். ஆனா கெட்ட எண்ணத்துல சொல்லலன்னு நினைக்கிறேன்!"

மூலைப் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். டின்னி, தன் வாழ்நாளில் முதல் முறையாக, சொல்ல ஒன்றும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தரங்கமான ஒரு காட்சிக்குள் தெரியாமல் வந்துவிட்டோமோ என்று இரண்டு பெண்கள் கைப்பையை எடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். மேடிசன் மட்டும், தான் செய்த கொடுமையைத் தாங்க முடியாமல், மூக்கை உறிஞ்சினாள்.

கன்செப்டா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு அலமாரியைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். திரும்பியபோது முகம் மாலக்கியின் காது நிறத்தில் இருந்தது. ஆனால் கண்ணில் இருந்தது கோபம்தான்.

"அந்தச் சொர்க்கம், தேவதை, மண்ணாங்கட்டியெல்லாம் நீ சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்யா. உன் மண்டையில அவ்வளவு வார்த்தைக்கு இடம் ஏது?"

மாலக்கி நிமிர்ந்தான். அவள் "யா" போட்டுவிட்டாள். "தெரியுமா? அப்ப ஏன் என்னை வாங்க போங்கன்னு கொன்னுட்டே?"

"ஏனா? ட்ராமோர்ல டான்ஸ் ஆடுறியாமே டான்ஸ்! தெனமும் சாயங்காலம்! நான் இங்க உனக்கு டீ ஊத்தி ஊத்திக் கையி தேஞ்சு நிக்கிறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீயும் வர்றியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா? யாரோட ஆடுற? அதைச் சொல்லு முதல்ல!"

அப்படிப் போடு என்பதுபோல டின்னி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அதுதான் நான் சொன்ன பொய்யி" என்றான் மாலக்கி. "அந்தப் பொண்ணு எழுதினதுல அது ஒண்ணுதான் நான் சொன்னது. ஹாலும் இல்ல, டான்ஸும் இல்ல."

"அப்ப சாயங்காலமெல்லாம் எங்கதான் போற?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குப் போயி?"

"ஒண்ணுமில்ல. முட்டை பொரிப்பேன். உட்கார்ந்திருப்பேன். எப்படா விடியும், இங்க வரலாம்னு இருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. டின்னிகூடச் சிரிக்கவில்லை. கன்செப்டா கையிலிருந்த துணியை ஒரு தடவை உதறினாள்.

"நானும்தான்" என்றாள் பிறகு. "கதவைச் சாத்திட்டுப் போயி உட்கார்ந்திருப்பேன். ஆக, ரெண்டு கழுதைங்க ரெண்டு வீட்டுல ரெண்டு விளக்கை எரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். கரண்டு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

மாலக்கி கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றான். வாயைத் திறந்தான். கடையில் இருந்த அத்தனை பேரும், இன்னொரு டீ கேட்டுத் தொலைத்துவிடப் போகிறானே என்று பயந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை ட்ராமோர் போலாமா?" என்றான். "ஆட இல்ல. சும்மா கடலைப் பாக்க."

"மழை பெய்யும்."

"பெய்யும்."

"காத்து ஆளைத் தூக்கிட்டுப் போயிடும்."

"போயிடும்."

"உன்கூட நின்னு கடலைப் பாத்து எனக்கு என்னய்யா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா நீ பக்கத்துல இருந்தா எனக்கு நல்லா இருக்கும் கன்செப்டா" என்றான் மாலக்கி, ஊரே கேட்க.

இரண்டு பெண்களில் ஒருத்தி கைக்குட்டையை எடுத்துவிட்டாள். மேடிசன் ஒன்றும் புரியாமல் அழுதுகொண்டே கைதட்டினாள். யாரோ அவள் வாயில் ஒரு ப்ளாவைத் திணித்து அமைதிப்படுத்தினார்கள்.

கன்செப்டா துணியை மடித்து வைத்தாள். "எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"பத்தரை" என்றான் டின்னி, பல்லெல்லாம் தெரிய. "ஞாயித்துக்கிழமை நான்தான் ஓட்டுறேன். முன்னாடி சீட்டு ரெண்டு போட்டு வெக்கிறேன், எனக்குக் கண்ணாடியில நல்லாத் தெரியும்."

கன்செப்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாலக்கி பக்கம் திரும்பினாள்.

"நடந்தே போறோம்" என்றாள்.

ட்ராமோர் எட்டு மைல். மாலக்கி அன்று மத்தியானமே கடைத்தெருவுக்குப் போய் நல்ல பூட்ஸாக ஒரு ஜோடி வாங்கினான்.